சீமைக்குப் போகுமுன்

திருச்சிராப்பள்ளி வரகனேரியில் 1881-ம் வருஷம் பிறந்த வ. வே. ஸு. ஐயரைப் பற்றி ஒரு கதை சொல்வார்கள். பாரிஸ்டர் பரீட்சைக்காக 1907-ல் லண்டனுக்குப் போனவர், அங்கே ‘இந்தியா ஹவுஸ்’ தேசபக்தர்களோடு சேர்ந்துகொண்டார். 1910-ல் போலீஸார் அவரைப் பிடிக்க வலை விரித்தபோது, தாடி வளர்த்த சீக்கியரைப் போல் வேஷம் பூண்டு தப்பினார். வழியில் ஒற்றன் ஒருவனுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. ஐயருடைய பெட்டியின் மேல் ‘வி. வி. எஸ்.’ என்ற மூன்று ஆங்கில எழுத்துக்கள் இருந்தனவாம். “என் பெயர் வீர விக்கிரம சிங்” என்று ஐயர் தயங்காமல் சொல்லி, அந்த எழுத்துக்களையே தமக்குச் சாட்சியாக்கிக்கொண்டாராம். அந்த வருஷம் முடிவதற்குள் அவர் புதுச்சேரி வந்து சேர்ந்துவிட்டார்.

அக்காலத்தில் நம் நாட்டார் இங்கிலாந்துக்குக் கப்பல் ஏறப் பாஸ்போர்ட் வேண்டியதில்லை. இந்தியாவில் பாஸ்போர்ட் சட்டம் பிறந்ததே 1920-ம் வருஷத்தில்தான். ஐயரை மூன்று எழுத்துக்கள் காப்பாற்றின. நூறு வருஷத்துக்கு மேலான பிறகு, வரகனேரிக்கு வடக்கே காவேரியைத் தாண்டி ஸ்ரீரங்கத்தில் வசிக்கும் எங்கள் குடும்பத்தை ஒரே ஓர் எழுத்து ஒரு வருஷ காலம் தடுத்து நிறுத்திவிட்டது. ஐரோப்பாவுக்குப் புறப்படும் எண்ணமுள்ள வாசகர்களுக்கு உபயோகப்படும் என்று கருதியே அந்த அனுபவத்தை எழுதத் துணிகிறேன்.

ஓர் எழுத்தின் விலை

என் தம்பி பிரெஞ்சு தேசத்தில் லியோன் நகரத்தில் உத்தியோகம் பார்க்கிறான். அவனுக்குப் பிறந்த குழந்தையின் ஆண்டு நிறைவு 2024-ம் வருஷம் மே மாதக் கடைசியில் வந்தது. எழுபத்திரண்டு வயதான எங்கள் அம்மா பேரனைத் தொலைபேசித் திரையில் பார்த்திருந்தாளே தவிர, மடியில் வைத்துக்கொண்டதில்லை. “கால் நடமாடும்போதே ஒரு தடவை போய்விட்டு வந்துவிடலாமேடா” என்றாள். தனியே அனுப்ப முடியாது. எனக்கோ பள்ளிக்கூட ஆசிரியர் வேலை. கோடை விடுமுறையை விட்டால் வேறு நாள் கிடையாது.

பிரெஞ்சு தேசத்தில் உறவினர் வீட்டில் தங்கப் போகிறவர்களுக்கு ஒரு விசேஷக் காகிதம் வேண்டும். நம்மை வரவேற்கும் உறவினர், தாம் வசிக்கும் ஊரின் நகர மன்றத்துக்குப் போய், வீட்டின் வசதியையும் தம் வருமானத்தையும் ருசுப்படுத்தி, “இன்னாருக்கு இத்தனை நாள் என் வீட்டில் இடம் கொடுக்கிறேன்” என்று உறுதிப் பத்திரம் வாங்கவேண்டும். வரப்போகிறவரின் பெயரும் பாஸ்போர்ட் எண்ணும் அதில் இருக்கும். அசல் பத்திரமே நம் கைக்கு வந்து சேரவேண்டும், நகல் பயன்படாது.

அம்மாவுக்கு ஸ்ரீரங்கத்துத் தாயாரின் திருநாமம். அதை ‘ர’ என்று தொடங்குவதா, ‘ரெ’ என்று தொடங்குவதா என்பது நம் பக்கத்தில் தீராத வழக்கு என்பது வாசகர்களுக்குத் தெரியும். ஒரே வீதியில் ரங்கநாதனும் இருப்பார், ரெங்கநாதனும் இருப்பார். அம்மாவின் பாஸ்போர்ட்டில் ‘ஆர்’ என்ற ஆங்கில எழுத்துக்குப் பிறகு ‘இ’ இருந்தது. தம்பிக்கு விவரம் எழுதி அனுப்பிய நான், இருபது வருஷமாகப் பையன்களின் எழுத்துப் பிழையைத் திருத்தி வந்த நான், என் வழக்கப்படி ‘ஏ’ என்று எழுதிவிட்டேன். நகர மன்றத்தார் கொடுத்த பத்திரத்திலும் அப்படியே ஏறிவிட்டது.

சென்னைக்குப் போய் வரிசையில் நின்றபோதுதான் அது கண்ணில் பட்டது. பத்திரத்தை மாற்றி வாங்கத் தம்பி மறுபடியும் நாள் கேட்டான். அது கையில் வந்து சேருவதற்குள், விஸா நிலையத்தில் எங்களுக்குக் குறித்திருந்த நாள் கைவிட்டுப் போயிற்று. அடுத்த நாள் கிடைத்தபோது ஆண்டு நிறைவும் கடந்துவிட்டது, பள்ளிக்கூடமும் திறந்துவிட்டது. ஆயுஷ்ய ஹோமத்தை அம்மா தொலைபேசியில் பார்த்தாள். அட்சதையைத் திரையின் மேல் போட்டுவிட்டு, பேசாமல் எழுந்து உள்ளே போனாள். என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை என்று இருந்தது.

நாங்கள் போய் வந்தது அடுத்த வருஷம், 2025 மே மாதத்தில். இடையில் கிடைத்த பன்னிரண்டு மாதத்தில் நான் கற்றுக்கொண்டவை பின்வருமாறு.

முதலில் பெயர்

பெட்டி வாங்குவதற்கும் கம்பளிச் சட்டை வாங்குவதற்கும் முன்னால் செய்யவேண்டிய வேலை ஒன்று உண்டு. போகிறவர்களுடைய பாஸ்போர்ட், ஆதார் அட்டை, பிறப்புச் சான்று, விவாகப் பதிவு, பாங்கிப் புத்தகம் எல்லாவற்றையும் கூடத்தில் பரப்பிவைத்து எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுப் பார்க்கவேண்டும்.

நமக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று கிடையாது. தகப்பனார் பெயரின் முதல் எழுத்தே நமக்குப் போதும். பாஸ்போர்ட்டில் அப்படிச் சுருக்க இடமில்லை. தலைப்பெழுத்தை விரித்து முழுப் பெயராக எழுதவேண்டும். அதைக் குடும்பப் பெயருக்கான கட்டத்தில் எழுதுவாரும் உண்டு. சொந்தப் பெயரோடு சேர்த்து எழுதிவிட்டு அந்தக் கட்டத்தை வெறுமையாக விடுவாரும் உண்டு. எப்படி எழுதினாலும் விமானச் சீட்டு, விஸா விண்ணப்பம், இன்ஷூரன்ஸ் பத்திரம், அழைப்புப் பத்திரம் அனைத்திலும் அதே முறை தொடரவேண்டும். ஐக்கிய அரபு அமீரகத்தார் 2022 நவம்பரில், பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மாத்திரம் உள்ளவர்களைச் சுற்றுலா விஸாவில் அனுமதிப்பதில்லை என்று அறிவித்தபோது நம்மவர் பலர் திகைத்துப்போனார்கள். பாஸ்போர்ட்டின் இன்னொரு பக்கத்தில் தகப்பனார் பெயர் இருந்தால் போதும் என்று பிறகு தெளிவுபடுத்தினார்கள். வளைகுடா வழியாகப் போகிறவர்கள் இதை மனத்தில் வைக்கவேண்டும்.

பாஸ்போர்ட்டில் பிழை இருந்தால் அதைத் திருத்திக்கொண்டுதான் மற்றக் காரியத்தைத் தொடங்கவேண்டும். திருச்சியிலேயே பிராந்தியப் பாஸ்போர்ட் காரியாலயம் இருப்பது நமக்குப் பெரிய சௌகரியம்.

ஷெங்கன் என்னும் மந்திரம்

லக்ஸம்பர்க் என்ற சின்னஞ்சிறு தேசத்தில் மோஸெல் நதிக்கரையில் ஷெங்கன் என்று ஒரு கிராமம். அங்கே 1985-ம் வருஷம் ஜூன் மாதம் 14-ந் தேதி ஐந்து தேசங்கள் செய்துகொண்ட உடன்படிக்கை வளர்ந்து வளர்ந்து, 2025 ஜனவரியில் பல்கேரியாவும் ருமேனியாவும் முழுமையாகச் சேர்ந்தபோது 29 தேசங்கள் ஆயிற்று. இவற்றில் ஒன்றில் வாங்கும் விஸாவைக் கொண்டு மற்றவற்றிலும் சுற்றிவரலாம். பிரிட்டனும் அயர்லாந்தும் இதில் சேர்ந்தவை அல்ல. பாரிஸுக்குப் போனவன் லண்டனையும் எட்டிப் பார்த்துவிட்டு வரலாம் என்று நினைப்பவர்கள் தனியாக வேறு விஸா வாங்கவேண்டும்.

விஸா கேட்கவேண்டியது எந்தத் தேசத்தில் அதிக நாள் தங்கப் போகிறோமோ அந்தத் தேசத்தாரிடம். 180 நாட்களுக்குள் மொத்தம் 90 நாட்களுக்கு மேல் தங்கலாகாது. பாஸ்போர்ட் பத்து வருஷத்துக்குள் வழங்கப்பட்டதாக இருக்கவேண்டும். திரும்பும் தேதிக்குப் பிறகும் மூன்று மாதமாவது செல்லுபடியாகவேண்டும். இரண்டு பக்கங்களாவது காலியாக இருக்கவேண்டும். கட்டணம் 2024 ஜூன் முதல் பெரியவர்களுக்கு 90 யூரோ. ஆறு முதல் பன்னிரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு அதில் பாதி. ஆறு வயதுக்குட்பட்டவர்களுக்கு இல்லை. விண்ணப்ப நிலையத்தின் கூலி வேறு.

பிரயாணத்துக்கு ஆறு மாதம் முன்பாகவே விண்ணப்பிக்கலாம். கடைசிக் கெடு 15 நாள். முடிவு சொல்ல அவர்களுக்குச் சாதாரணமாக 15 நாள் பிடிக்கும். விசாரணை வேண்டுமென்று தோன்றினால் 45 நாள் வரை நீட்டுவார்கள். கோடை விடுமுறைக்குப் போகிறவர்கள் தை பிறந்தவுடனே ஆரம்பித்துவிடுவது நல்லது. ராத்திரி மலைக்கோட்டை வண்டியில் ஏறினால் விடியற்காலம் சென்னை. அங்கே பத்து விரல்களின் ரேகையையும் முகத்தையும் பதிந்துகொள்வார்கள். வயதானவர்களுக்கு விரல் ரேகை தேய்ந்து போயிருக்கும். அம்மாவின் விரல்களை நாலைந்து தடவை வைத்துப் பார்த்த பிறகே இயந்திரம் ஒப்புக்கொண்டது.

சம்பளச் சீட்டு, சில மாதத்துப் பாங்கிக் கணக்கு, திரும்பி வருவோம் என்பதற்கு அடையாளமாக வேலை பார்க்கும் இடத்தின் விடுமுறைக் கடிதம் இவையும் வேண்டும். அரசாங்கச் சம்பளம் பெறும் ஆசிரியர்கள் வெளிநாடு செல்ல மேலதிகாரிகளின் அனுமதியை முன்கூட்டியே பெறவேண்டும். அந்தக் கடிதத்துக்கும் கால அவகாசம் விட்டுவைக்கவேண்டும்.

இவ்வளவு காகிதங்களையும் அடுக்கியபோது எனக்கு ஒரு விஷயம் நினைவுக்கு வந்து சிரிப்பு வந்தது. பிரெஞ்சுக்காரர்கள் ஒரு சமயம் எங்கள் ஊருக்கு வந்தார்கள். படையோடு வந்து ஸ்ரீரங்கம் கோயிலையே பாசறையாக்கிக்கொண்டு, 1752 ஜூனில் ஆங்கிலேயரிடம் சரணடையும் வரையில் இருந்தார்கள். அவர்களிடம் அழைப்புப் பத்திரம் கேட்பார் யாரும் இல்லை!

உடம்புக்கு முன்யோசனை

குறைந்தது 30,000 யூரோ வரை வைத்தியச் செலவைத் தாங்கும் பிரயாண இன்ஷூரன்ஸ் இல்லாமல் ஷெங்கன் விஸா கிடைக்காது. முதியவர்களை அழைத்துப் போகிறவர்கள் இதில் சிக்கனம் பார்க்கவே கூடாது. இரத்த அழுத்தமும் நீரிழிவும் ஏற்கெனவே இருப்பதை மறைக்காமல் சொல்லி, அவற்றால் வரும் அவசரச் சிகிச்சைக்கும் பணம் கொடுப்பார்களா என்று கேட்டுப் பத்திரத்தில் பார்த்துக்கொள்ளவேண்டும்.

தினசரி மருந்துகளைத் தங்கும் நாட்களைவிடச் சில நாட்களுக்கு அதிகமாகக் கணக்கிட்டு, கைப்பையிலேயே வைத்துக்கொள்ளவேண்டும். வைத்தியரிடம், கடைப் பெயரோடு மருந்தின் மூலப் பெயரையும் ஆங்கிலத்தில் எழுதி வாங்கிக்கொள்ளவேண்டும். நம் ஊர்க் கடைப் பெயர் அங்கே எவருக்கும் தெரியாது. ஆபத்துச் சமயத்தில் ஐரோப்பிய ஒன்றியம் முழுவதும் 112 என்ற எண்ணில் கூப்பிடலாம். அந்த எண்ணை அம்மா தன் சுருக்குப்பைச் சீட்டிலேயே எழுதி வைத்துக்கொண்டாள்.

எது போகும், எது போகாது

சீமைக்குப் போகும் பெட்டியில் பாதி இடத்தைச் சமையலறைதான் பிடித்துக்கொள்கிறது. அதில் சில விதிகள் உண்டு.

ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வரும் பிரயாணிகள் இறைச்சியும் பால் சம்பந்தப்பட்ட பண்டங்களும் கொண்டுவரக் கூடாது. ஆகையால் நெய்யும் பால்கோவாவும் வீட்டிலேயே நிற்கவேண்டியவை. அம்மா காய்ச்சி வைத்திருந்த ஒரு டப்பா நெய்யைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுக்கும்போது அவளுக்கு மனமே இல்லை. பச்சைக் காய், கனி, இலைகளுக்குப் பயிர்ச் சுகாதாரச் சான்று வேண்டும். விதிவிலக்குப் பெற்றவை ஐந்து: தேங்காய், வாழைப்பழம், அன்னாசி, பேரீச்சம்பழம், தூரியன். அதாவது தாம்பூலத் தட்டில் தேங்காயும் பழமும் ஐரோப்பாவுக்குள் நுழையலாம், வெற்றிலை நுழையலாகாது. கறிவேப்பிலைக் கொத்துக்கும் அதே கதிதான். கொப்பரையை நம் ஊர் விமான நிலையத்திலேயே நிறுத்திவிடுவார்கள். அதன் எண்ணெய் தீப்பிடிக்கும் என்ற பயம்.

சாம்பார்ப் பொடி, பருப்புப் பொடி, அப்பளம், வடாம், சுண்டைக்காய் வற்றல், உப்பு நார்த்தங்காய் இவற்றை நாங்கள் கொண்டு போனோம். ஒவ்வொரு பொட்டலத்தின் மேலும் இன்னதென்று ஆங்கிலத்தில் எழுதி ஒட்டியிருந்தோம். வெள்ளைப் பொடியைக் கண்டு அதிகாரி புருவத்தை நெரிக்கும்போது பதில் சொல்வதைவிட அது எளிது. புளிக்காய்ச்சலும் தொக்கும் திரவக் கணக்கில் சேரும். கைப்பையில் நூறு மில்லி லிட்டருக்கு மேற்பட்ட பாத்திரத்தில் இருந்தால் பிடுங்கிக்கொள்வார்கள்; ஆகவே இறுக மூடி, இரட்டை உறையிட்டு, சரக்கோடு போகும் பெட்டியில் வைக்கவேண்டும். பெருங்காயத்தைத் தகர டப்பாவில் போடாவிட்டால் பட்டுப் புடைவையெல்லாம் சமையலறையாகிவிடும்.

அரிசி, பருப்புச் சுமை வேண்டாம். பாரிஸில் லா ஷாப்பல் என்ற பகுதியில் ஈழத்துத் தமிழர்களின் கடைகள் வரிசையாக இருக்கின்றன. அங்கே முருங்கைக்காய் முதல் இட்லித் தட்டு வரையில் கிடைக்கும். ஆவணி மாதத்தையொட்டி மாணிக்க விநாயகர் ஆலயத் தேரும் அந்த வீதிகளில்தான் ஓடுகிறது.

இராமானுஜன் கற்ற பாடம்

உடை விஷயத்தில் நமக்கு ஒரு பெரியவருடைய அனுபவம் வழிகாட்டுகிறது. கணித மேதை சீனிவாச இராமானுஜன் 1914 மார்ச் 17-ந் தேதி ‘நெவாஸா’ என்ற கப்பலில் சென்னையை விட்டுப் புறப்பட்டார். அதற்கு முன் நண்பர்கள் அவருக்குத் துரைமார் உடை தைத்துக் கொடுத்தார்கள், முள்ளும் கரண்டியும் பிடிக்கச் சொல்லிக் கொடுத்தார்கள், குடுமியையும் எடுத்தாயிற்று. ஆயினும் ஒன்றை எவரும் சொல்லவில்லை. கேம்பிரிட்ஜில் குளிரில் நடுங்கிக்கொண்டு, மேல்கோட்டோடு சால்வையைப் போர்த்துக்கொண்டு படுத்தார். பிரசாந்த சந்திர மஹாலனோபிஸ் ஒரு நாள் அவருடைய அறைக்கு வந்து பார்த்தார். கட்டிலில் கம்பளிகள் மெத்தையின் கீழே ஒழுங்காகச் செருகியிருந்தன. அவற்றை விலக்கி உள்ளே புகுந்து படுக்கவேண்டும் என்பது இராமானுஜனுக்குத் தெரியவில்லை. விரிப்பின் மேலேயே படுத்திருக்கிறார்! கம்பளி இருந்தும் குளிரில் வாடினார் அந்த மகான். பூட்ஸும் அவருடைய காலுக்கு ஒத்துக்கொள்ளவில்லை.

ஆகவே, நூதனமான எதையும் இங்கேயே பழகிக்கொள்வது நல்லது. அம்மா ஒரு மாதம் முன்பே காலுறையும் பூட்ஸும் மாட்டிக்கொண்டு உத்தர வீதியில் காலையில் நடந்தாள். தெருவே வேடிக்கை பார்த்தது. “கோயிலுக்குப் போகும்போது எங்கே விடுவீர்கள் மாமி?” என்று கேட்டார்கள். அவள் கவலைப்படவில்லை. அதன் பலனை லியோன் நகரத்துக் கல் பாவிய வீதிகளில் கண்டோம்.

ஒரே தடித்த உடையைவிட, மெல்லிய உடைகள் இரண்டு மூன்றை ஒன்றன்மேல் ஒன்றாக அணிவதே உசிதம். மே, ஜூன் மாதங்களில் காலை குளிரும். பிற்பகல் வெயில் சுடும். மின்விசிறி இல்லாத வீடுகள் அங்கே அநேகம். மின்சாரம் நம் ஊரைப் போல 230 வோல்ட்தான். இரண்டு முள் உள்ள நம் செருகி பெரும்பாலும் பொருந்தும், மூன்று முள் பொருந்தாது. அதற்கு மாற்றுச் செருகி ஒன்று வாங்கிக்கொள்ளவேண்டும்.

அனுஷ்டானம் உள்ளவர்களுக்கு ஒரு வார்த்தை. கோடையில் அங்கே கடிகாரம் நமக்கு மூன்றரை மணி பின்தங்கியது. குளிர்காலத்தில் நாலரை மணி. ஜூன் மாதத்தில் லியோனில் இரவு ஒன்பது மணிக்கும் சூரியன் மறைவதில்லை. நம் ஊர்ப் பஞ்சாங்கத்துத் திதி நேரம் அங்கே அப்படியே பொருந்தாது. ஏகாதசியையும் சிராத்தத் திதியையும் அந்த ஊருக்குக் கணித்து எழுதி வாங்கிக்கொண்டு போவது உத்தமம்.

புறப்பாடு

திருச்சியிலிருந்து ஐரோப்பாவுக்கு நேர் விமானம் இல்லை. கொழும்பு அல்லது வளைகுடா நகரங்களில் மாறவேண்டும். இல்லாவிட்டால் சென்னைக்கோ பெங்களூருக்கோ போய் ஏறவேண்டும். வழி நெடுக ஒரே சீட்டாக வாங்கினால், முதல் விமானம் தாமதித்து அடுத்தது தவறினாலும் வேறு விமானத்தில் ஏற்றி அனுப்பும் பொறுப்பு கம்பெனியாருடையது. சில்லறை மிச்சத்துக்காகத் தனித்தனிச் சீட்டு வாங்கினால் அந்தக் கவலை நம்முடையது. முதியவர்களுக்குச் சக்கர நாற்காலியை முன்பே சொல்லி வைக்கலாம். அது வெட்கப்படவேண்டிய விஷயமல்ல. மொழி தெரியாத இடத்தில் ஒரு வழிகாட்டியும் கிடைத்தாற்போல் ஆகிறது.

எங்களுக்கு லியோனில் பாஸ்போர்ட்டில் முத்திரை குத்தினார்கள். இனிப் போகிறவர்களுக்கு முறை வேறு. 2025 அக்டோபர் 12 முதல் படிப்படியாக, முத்திரைக்குப் பதிலாக எல்லையில் முகத்தையும் விரல் ரேகையையும் பதிந்துகொள்ளும் ஏற்பாடு வந்திருக்கிறது. வரிசையில் நிற்க இன்னும் சற்று நேரம் ஒதுக்கிக்கொள்ளவேண்டும். அழைப்புப் பத்திரத்தின் நகல், திரும்பும் சீட்டு, இன்ஷூரன்ஸ் மூன்றும் கையில் இருக்கட்டும். விஸா இருந்தாலும் எல்லை அதிகாரி கேட்கலாம்.

ஸ்ரீரங்கத்தில் 1880-ல் பிறந்த டாக்டர் டி. எஸ். எஸ். ராஜன், ஐயரைப் போலவே ரங்கூன் வழியாக லண்டனுக்குப் போனவர். அங்கே மேல்படிப்புப் படித்து, திரும்பி வந்து ஸ்ரீரங்கத்தில் வைத்தியம் பார்த்தார். வேதாரணிய உப்பு யாத்திரை 1930 ஏப்ரலில் புறப்பட்டது திருச்சியில் அவருடைய இல்லத்திலிருந்துதான். கடல் கடந்தவர்களை ஆசாரக் குற்றவாளிகளாகக் கருதி விலக்கி வைத்த காலத்தில் அவர் போனார். இன்று எழுபது வயதைத் தாண்டிய மூதாட்டியை அதே ஊர் மாலையும் பழமும் கொடுத்து வழியனுப்புகிறது. தடை ஊராரிடமிருந்து காகிதத்துக்கு மாறிவிட்டது. காகிதத் தடையைப் பொறுமையால் வெல்லலாம் என்பதே வித்தியாசம்.

லியோனில் பேரன் முதல் இரண்டு நாள் அம்மாவிடம் வரவில்லை. திரையில் பார்த்த பாட்டி வேறு, நேரில் வந்த பாட்டி வேறு என்று நினைத்தானோ என்னவோ! மூன்றாம் நாள் அப்பளம் பொரிக்கும் சத்தம் கேட்டு வந்து, புடைவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டான். அப்புறம் விடவில்லை.

ஒரு நாள் ஃபூர்வியேர் குன்றின் மேல் ஏறினோம். உச்சியில் ஒரு தேவாலயம். கீழே சோன், ரோன் என்று இரண்டு நதிகள் ஊரை அணைத்துக்கொண்டு ஓடுகின்றன. மலைக்கோட்டையிலிருந்து பார்ப்பது போலவே இருந்தது. அம்மா குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நெடுநேரம் பார்த்தாள். “நம் ஊரில் காவேரி முக்கொம்பில் பிரிகிறது, இங்கே இரண்டும் வந்து சேருகிறதாடா?” என்று கேட்டாள். “ஆமாம் அம்மா” என்றேன். ஒரு வருஷமாக என் மனத்தில் இருந்த பாரம் அப்போதுதான் சற்று இறங்கியது. பாதிதான் இறங்கியது, குழந்தை தவழ்ந்த பருவத்தை அவள் பார்க்கவில்லை, அதை நான் திருப்பிக் கொடுக்க முடியாது.

பிரயாணத்தை உத்தேசித்திருக்கும் வாசகர்கள் வேறெதைச் செய்யாவிட்டாலும் இன்று சாயங்காலம் விளக்கேற்றிய பிறகு பீரோவைத் திறந்து, வீட்டுப் பெரியவர்களின் காகிதங்களை ஒன்றின் பக்கத்தில் ஒன்றாக வைத்து வாசித்துப் பாருங்கள். பக்கத்தில் ஒரு குழந்தையை உட்காரவைத்து உரக்க எழுத்துக் கூட்டச் சொல்லுங்கள். நமக்குப் பழகிப்போன பெயரை நாம் வாசிப்பதில்லை. குழந்தைதான் ஒவ்வோர் எழுத்தாக வாசிக்கும்.